குடும்ப ஓய்வூதியம்: யாருக்கு ஓய்வு?

வெளியூர்க்காரர்களுக்குத் திருவண்ணாமலை என்றால் மலை, கோயில், கிரிவலம். மாவட்டத்து மக்களுக்கு இன்னொன்றும் உண்டு: வேலூர் சாலையில், வேங்கிக்காலில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். மனு, சான்றிதழ், உதவித்தொகை என எதற்காக இருந்தாலும் இங்கேதான் வந்து நிற்க வேண்டும். பழைய வட ஆற்காடு மாவட்டம் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய பகுதி. 1989இல் அதிலிருந்து பிரிந்த திருவண்ணாமலை மாவட்டத்திலும் ‘பட்டாளத்துக்காரர் வீடு’ என்று அடையாளம் சொல்லப்படும் வீடுகள் ஏராளம். அந்த வீடுகள் பலவற்றில் இன்று பட்டாளத்துக்காரர் இல்லை, அவருடைய மனைவிதான் இருக்கிறார்.

வேங்கிக்காலில் குடியிருக்கும் நான், தெரிந்த பெண்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதுண்டு. அதற்காகத்தான் படைவீரர் ஓய்வூதிய விதிகளைப் படிக்கத் தொடங்கினேன். ஒரு கதையை வாசிக்கும்போது யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார், யார் அதில் இல்லை என்று கேட்கிறோம். விதிகளையும் அப்படி வாசிக்க முடியும். வாசித்தால் ஒன்று தெரிகிறது. படைவீரரின் மனைவியை, கணவரைச் சார்ந்திருப்பவராக மட்டுமே இவை அறிந்திருக்கின்றன. கணவரைப் பராமரித்தவராக அறியவில்லை. அந்த மனைவிக்கும் வயதாகும், அவருக்கும் ஒரு துணை தேவைப்படும் என்பது விதியை எழுதியவர்களின் நினைவுக்கே வரவில்லை.

பணி யாருடையது?

ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை அல்ல, ஆற்றிய பணியால் பெற்ற உரிமை என்று டி.எஸ். நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நாள் இன்று ஓய்வூதியர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தீர்ப்பின் தர்க்கத்தை நாம் பாதி வழியிலேயே நிறுத்திவிட்டோம் என்பது என் எண்ணம்.

சிப்பாய் ஒருவர் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 15 ஆண்டு பணி செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் பெரும்பகுதி குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாத இடங்களில் கழியும். ஊரில் நிலத்தையும் மாட்டையும் பிள்ளைகளையும் மாமனார் மாமியாரையும் பார்த்துக்கொண்டவர் மனைவி. அந்த உழைப்பு இல்லாமல் இந்தப் பணி நடந்திருக்காது. அப்படியானால் குடும்ப ஓய்வூதியத்தைக் கணவரின் கூலியில் மிஞ்சியதாகக் கருத முடியாது. அது மனைவிக்குத் தாமதமாக வந்து சேரும் கூலி. விதிகள் இதை ஏற்கின்றனவா?

எப்படி இறந்தார், எப்போது இறந்தார்

விதி கேட்கும் முதல் கேள்வி, கணவர் எப்படி இறந்தார் என்பது. போர்க்களத்தில் இறந்திருந்தால், கடைசியாக வாங்கிய ஊதியம் முழுவதும் தாராளக் குடும்ப ஓய்வூதியமாக வரும். பணியின் காரணமாக இறந்தார் என்று ஏற்கப்பட்டால் 60 சதவீதம். மற்றபடி சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், 30 சதவீதம். ராணுவம் ‘வீர நாரி’ என்று போற்றும் பெண்ணுக்கும், மாரடைப்பில் கணவரை இழந்த பெண்ணுக்கும் 80 வயதில் முழங்கால் வலி ஒன்றுதான், படுக்கையில் இருந்து எழ வேண்டிய கை ஒன்றுதான். ஆனால் அவர்கள் கைக்கு வரும் பணத்தைக் கணவரின் மரணம் தீர்மானிக்கிறது.

இரண்டாவது கேள்வி, எப்போது இறந்தார் என்பது. ஓய்வு பெற்ற பின் கணவர் இறந்தால், கூடுதல் விகிதத்தில், அதாவது 50 சதவீதம் வரை, குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். அதற்கு வரம்பு ஏழு ஆண்டுகள், அல்லது கணவர் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு 67 வயது நிறைந்திருக்கும் நாள், இவற்றில் எது முந்தியதோ அது. பிறகு 30 சதவீதம். இறந்துபோனவரின் வயது விதியின் கணக்கில் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கிறது. உயிரோடு இருப்பவரின் வயது அங்கே கேட்கப்படவே இல்லை. கணவர் 70 வயதில் இறந்தால் கூடுதல் விகிதம் ஒரு நாளுக்குக்கூட இல்லை. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஓய்வூதியத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அப்படியே போய்விடும். மனைவி தள்ளாமையை நெருங்கும் நேரம் பார்த்துப் பணம் குறைகிறது.

கொழுந்தனைக் கட்டினால்

இந்த விதிகளின் மனத்தை வெட்டவெளிச்சமாக்கும் ஒரு நிபந்தனை நெடுங்காலம் நடப்பில் இருந்தது. வீரதீர விருது பெற்றவருக்கு மாதப் படி உண்டு. அவர் இறந்தபின் அது மனைவிக்குச் சேரும், மறுமணம் செய்தால் நின்றுவிடும். 1995இல் இதற்கு ஒரு விலக்கு அளிக்கப்பட்டது. இறந்தவரின் சகோதரரை மணந்துகொண்டு, குடும்ப ஓய்வூதியத்துக்குத் தகுதியுள்ள மற்ற வாரிசோடு கூட்டாக வாழ்ந்தால் படி தொடரும். இந்த நிபந்தனையைப் பாதுகாப்பு அமைச்சகம் நீக்கியது 2017 நவம்பரில்தான்.

வீட்டுப் பணம் வீட்டைவிட்டுப் போகக் கூடாது, வீட்டுப் பெண்ணும் போகக் கூடாது. கிராமத்துப் பெரியவர்கள் திண்ணையில் பேசுவதை அரசு கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தது. நிபந்தனை போய்விட்டது. அதை எழுதவைத்த பார்வை மற்ற விதிகளுக்குள் இன்னும் இருக்கிறது.

உடனிருப்பவர்

உடல் முழுவதும் செயலிழந்த முன்னாள் படைவீரருக்கு, எந்நேரமும் உடனிருக்கும் உதவியாளருக்காக ஒரு படி உண்டு. 2017 ஜூலை முதல் அது மாதம் 6,750 ரூபாய் ஆனது. அகவிலை ஏற ஏற அதுவும் உயரும். ஆனால் ஊனம் பணியால் வந்ததாக இருக்க வேண்டும், 100 சதவீதமாக இருக்க வேண்டும், மருத்துவக் குழு பரிந்துரைக்க வேண்டும். முதுமையில் வரும் பக்கவாதமும் மறதிநோயும் இதற்குள் வராது. அந்தப் படியைப் பெறும் வீடுகளிலும் குளிப்பாட்டி, சோறூட்டி, மலம் அள்ளிச் சுத்தம் செய்யும் உதவியாளர் பெரும்பாலும் மனைவிதான். பணம் வருவது கணவரின் பெயரில். கணவர் இறந்ததும் படி நின்றுவிடும். இத்தனை ஆண்டு உதவியாளராக இருந்தவர் படுத்துவிட்டால், அவருக்கு உதவியாளர் வைக்க இதுபோன்ற படி குடும்ப ஓய்வூதியத்தில் இல்லை.

முதியவர்களுக்கென்று இருப்பது வயதுக்கேற்ற கூடுதல் ஓய்வூதியம். 80 வயதில் 20 சதவீதம், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறைத் தொட்டால் 100 சதவீதம். இது குடும்ப ஓய்வூதியத்துக்கும் பொருந்தும், மனைவியின் சொந்த வயதைக் கணக்கில் எடுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2016 முதல் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம் 9,000 ரூபாய். அதில் 20 சதவீதம் 1,800. 2025–26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கான ஒரு நாள் கூலி 336 ரூபாய். அகவிலை நிவாரணத்தைச் சேர்த்தாலும் மாதத்தில் பத்து நாளைக்கு ஓர் ஆளை உடன் வைக்க அந்தக் கூடுதல் தொகை போதாது. அதைப் பெறுவதற்கும் பிறந்த தேதி வேண்டும். பிறந்த தேதியைக் குறித்துவைக்காத வீட்டில் பிறந்து, கணவரின் ஆவணங்களில் ஒரு பெயரும் ஆதாரில் வேறு எழுத்தும் கொண்ட பெண், தான் தான்தான் என்று நிரூபிப்பதில் இன்னும் சில காலத்தைக் கழிக்க வேண்டியிருக்கிறது.

2003 ஏப்ரல் முதல் நடந்துவரும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் மனைவியும் உறுப்பினர். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது சிகிச்சையை மையமாகக் கொண்டது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் ஆண்டுக்கணக்கில் நீளும் பராமரிப்பு வீட்டின் பொறுப்பாகவே விடப்படுகிறது.

‘குடும்பம் பார்த்துக்கொள்ளும்’

வீடு என்றால் யார்? 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகனையும் மகளையும் பேரப்பிள்ளைகளையும் பொறுப்பாளிகளாகச் சொல்கிறது. நடைமுறையில் கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்பவர் சட்டத்தில் பெயரில்லாத மருமகள். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதத்தினர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் 21.4 சதவீதம். மாமியாருக்குக் கிடைக்காத படியின் பாரம் மருமகளின் முதுகில் ஏறுகிறது. அரசு இதைச் சிக்கனம் என்று கணக்கு எழுதிக்கொள்ளலாம். மருமகள் விட்டுவிட்ட தையல் வேலையோ கடைவேலையோ அந்தக் கணக்கில் வராது.

15 ஆண்டு நிறையாமல் திரும்பியவர்களின் நிலை இன்னும் மோசம். ஓய்வூதியமே இல்லாத, 65 வயது கடந்த, ஹவில்தார் நிலை வரையிலான முன்னாள் படைவீரர்களுக்கும் கைம்பெண்களுக்கும் தரப்படும் வறுமை உதவி, 2025 நவம்பர் முதல் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்ந்திருக்கிறது. உயர்வு வரவேற்கத்தக்கது. ஆனால் அதன் பெயர் வறுமை உதவி. தன் உழைப்பைச் சொல்லி அதைப் பெற முடியாது, தன் இல்லாமையைச் சொல்லித்தான் பெற வேண்டும். 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியபோது அதற்கு உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது. தொகை சிறியது, சொல் பெரியது. அந்தச் சொல்லைப் படைவீரர் குடும்பங்களின் பெண்களும் கேட்க வேண்டும். 2022இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் நான்கு ஆண்டில் வெளியேறுகிறவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. வேலை வாய்ப்பு, இளைஞர் எதிர்காலம் என்று அதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். ஓய்வூதியம் இல்லாத இடத்தில் குடும்ப ஓய்வூதியமும் இல்லை என்பதை யாரும் அதிகம் பேசவில்லை.

வேறு விதமாகவும் எழுதலாம்

விதி இப்படித்தான் இருக்க முடியும் என்பதில்லை. அமெரிக்காவில் போர்க்காலத்தில் பணியாற்றிய, வருமானம் குறைந்த முன்னாள் படைவீரர்களுக்கு ஓய்வூதியத்துடன், அன்றாடத் தேவைகளுக்குப் பிறர் உதவி வேண்டியிருந்தால் ஒரு கூடுதல் தொகை உண்டு. ஊனம் பணியால் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. குளிக்க, உடுத்த, உண்ண உதவி தேவையா என்பதே கேள்வி. இறந்தவரின் துணைவரும் தன் சொந்தத் தேவைக்காக அதைக் கேட்கலாம். 2010இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, கடுமையாகப் பாதிக்கப்பட்ட முன்னாள் படைவீரரை வீட்டில் பராமரிப்பவரின் பெயரிலேயே மாதத் தொகை போகிறது. அங்கும் குறைகள் உண்டு. வருமானத்துக்கும் சொத்துக்கும் வரம்பு உண்டு, மறுமணம் செய்தால் துணைவருக்கான அந்த ஓய்வூதியம் நின்றுவிடும். ஆனாலும் துணைவருக்கும் வயதாகும் என்பதை அந்த விதி அறிந்திருக்கிறது.

போரை எதிர்க்கும் பெண்ணியம் ஏன் படைவீரர் ஓய்வூதியத்தைப் பேச வேண்டும் என்று தோழிகள் கேட்பதுண்டு. போரின் செலவு ஆயுதத்தோடு முடிவதில்லை என்பதுதான் என் பதில். நாற்பது ஆண்டு கழித்து ஒரு திண்ணையறையில், கயிற்றுக்கட்டிலில் அது தொடர்கிறது. அந்தச் செலவைப் பெண்கள் கூலியில்லாமல் சுமக்கும்வரை ராணுவம் மலிவானதாகவே தோன்றும். கணக்கில் ஏற்றினால்தான் உண்மையான விலை தெரியும்.

ஆகவே கேட்க வேண்டியவை எளியவை. உதவியாளர் படி, ஊனம் எப்படி வந்தது என்று பாராமல், தேவையைப் பார்த்து ஓய்வூதியருக்கும் குடும்ப ஓய்வூதியருக்கும் வழங்கப்பட வேண்டும். பராமரிப்பவர் மனைவியோ மருமகளோ கூலிக்கு வந்த பெண்ணோ, அந்தத் தொகை அவருடைய கணக்குக்குப் போக வேண்டும். இறந்தவரின் 67 வயதைக் கைவிட்டு இருப்பவரின் வயதைக் கணக்கிட வேண்டும். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் கணவர் உயிரோடு இருக்கும்போதே சரிபார்க்கப்பட்டு, அவற்றின் நகல் மனைவியின் கையில் கொடுக்கப்பட வேண்டும். இதில் கடைசிக் கோரிக்கைக்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. இந்த மாதமே தொடங்கலாம்.