இரண்டு திருநெல்வேலிகளில் ஓர் ஆண்டுத் திட்டம்

இலங்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தின் பெயரும் திருநெல்வேலிதான். தாமிரபரணிக் கரைத் திருநெல்வேலியையும் பக்கத்துப் பாளையங்கோட்டையையும் மாணவர் ஊழியத்தின் வழியாகவே அறிந்த எனக்கு, அங்கே பெயர்ப்பலகையைப் பார்த்ததும் மனம் நெகிழ்ந்துவிட்டது. இரண்டு ஊர்களிலும் கிறிஸ்தவ மாணவர் குழுக்கள் இருக்கின்றன. இரண்டிலும் புதுக் கல்வியாண்டுக்கு முன் கூடி ஜெபித்து, என்ன செய்யப்போகிறோம் என்று முடிவெடுக்கிறார்கள். ஆனால் எதை இலக்கு என்று எழுதுகிறார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு.

பாளையங்கோட்டையில் நான் இருந்த ஒரு கூட்டம் ஜூன் மாதம், கல்லூரி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை நடந்தது. வேலைக்குப் போய்விட்ட ஒரு பட்டதாரி அண்ணன் வீட்டு மாடி. சுவரில் ஒட்டிய சார்ட் பேப்பரில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது: ஜெபக்குழு எத்தனை, வேதபாடக் குழு எத்தனை, ரிட்ரீட்டுக்கு எத்தனை பேர், புதிதாக எத்தனை கல்லூரி. மூன்றாமாண்டு படிக்கும் செயலாளர் தம்பி ஸ்கெட்ச் பேனாவைப் பிடித்தபடி கேட்டான்: “போன வருஷம் ரிட்ரீட்டுக்கு நாப்பதுன்னு போட்டோம்ண்ணே. இருவத்திரெண்டு பேருதான் வந்தாவ. இந்த வருஷமும் நாப்பதுன்னே போட்ருவமா?” யாரும் உடனே பதில் சொல்லவில்லை. கடைசியில் நாற்பது என்றே எழுதினான்.

இந்த எண்ணிக்கையை நான் குறைசொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. 1895இல் தொடங்கிய சாராள் தக்கர், 1923இல் தொடங்கிய தூய சவேரியார், அவற்றுக்கும் மூத்த தூய யோவான் கல்லூரி என்று கிறிஸ்தவக் கல்லூரிகள் நிறைந்த ஊர் இது. சபையின் வாலிபர் கூட்டத்திலிருந்து நேராக முதலாமாண்டு வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் ஏராளம். கல்லூரி நாட்காட்டியும் கைவிடாது: ஆண்டுக்கு 180 வேலை நாள் என்றால், இன்டர்னல் தேர்வும் கல்ச்சுரல்ஸும் போக 25 வாரமாவது கூட்டம் நடத்தக் கிடைக்கும். அதை வைத்துத் திட்டம் போடலாம். இன்னொன்று, பணம். 1954இல் உருவான யூ.இ.எஸ்.ஐ போன்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கங்கள் படித்து முடித்த பட்டதாரிகளின் காணிக்கையை நம்பி வளர்ந்தவை. மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்துக் கொடுக்கிறவர்களுக்குக் கணக்குச் சொல்வது மரியாதை. எண்கள் அந்த மரியாதையிலிருந்து வந்தவை.

யாழ்ப்பாணத்தில் சார்ட் பேப்பரே கிடையாது. கொக்குவில் பக்கம் ஒரு வாடகை அறையில், இறுதி வருட மாணவி ஒருத்தி சீ.ஆர். கொப்பி (நோட்டுப் புத்தகம்) ஒன்றைத் திறந்து காட்டினாள். ஒரு பக்கத்தில் பதினொரு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பீடம், தங்கியிருக்கும் இடம், அவரைப் போய்ப் பார்க்கப் பொறுப்பேற்றவர் பெயர். “இந்த வருஷம் எத்தனை பேருக்குத் திட்டம்?” என்று நம்மூர் வழக்கப்படி கேட்டுவிட்டேன். “எத்தினை பேரெண்டு கேக்காதேங்கோ அண்ணா, ஆராரெண்டு கேளுங்கோ” என்றாள்.

அவள் அப்படிச் சொல்வதற்கும் காரணம் இருந்தது. அங்கே ஆண்டு எப்போது தொடங்கும் என்பதே உறுதியில்லை. உயர்தரப் பரீட்சை முடிவு, அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதி எல்லாம் தாண்டி ஒரு பட்ச் உள்ளே வர மாதக்கணக்காகும். 2022இல் பெட்ரோலும் டீசலும் இல்லாமல் நாடே முடங்கியது. 2024 மே மாதம் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருப்பதால் குழுவே இரண்டாகக் கிடக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ‘25 வாரம், 5 குழு’ என்று எழுதினால் அந்தக் காகிதம் ஒரு மாதம்கூடத் தாங்காது. பெயர் தாங்கும். வளாகம் மூடினாலும் அந்தப் பதினொரு பேருக்கும் தொலைபேசியில் பேசலாம். மன்னாரிலோ வவுனியாவிலோ வீடு தேடிப் போகலாம்.

சூழலும் வேறு. பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலத்தில்தான் பல்கலைக்கழகம் நிற்கிறது. வளாகத்துக்குள்ளேயே சிவன் கோயில் உண்டு. கிறிஸ்தவ மாணவர்கள் சிலரே, அவர்களிலும் பெரும்பாலோர் கத்தோலிக்கர். பகிடிவதை (ராகிங்) காலம் ஓயும்வரை புதியவர்களிடம் நெருங்கிப் பேசுவதே சங்கடம். ஆகவே ஆளைத் தெரிந்துகொண்ட பிறகே திட்டம் வருகிறது.

அந்தக் கொப்பியில் ஒரு குறையையும் கண்டேன். அவள் பட்டம் பெற்றுப் போகும்போது கொப்பியும் கூடப் போய்விடும். முந்தைய வருடத்துக் கொப்பி எங்கே என்று கேட்டேன். குழுவில் யாருக்கும் தெரியவில்லை. பாளையங்கோட்டையில் அப்படியில்லை. பழைய அறிக்கைகள் எல்லாம் ஒரு இரும்பு அலமாரியில் வரிசையாக இருக்கும். இதை அவர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பெயர்ப்பட்டியல் மட்டுமல்ல. பேராதனையிலும் கொழும்பிலும் மொறட்டுவையிலும் உள்ள குழுக்களில் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் கலந்திருக்கிறார்கள். 2009இல் முடிந்த போரின் காயம் இரு பக்க வீடுகளிலும் இருக்கிறது. ஒரே வேதபாடத்தில் இரு மொழிக்காரரையும் உட்கார வைப்பது, ஒருவர் ஜெபத்தை மற்றவருக்கு மொழிபெயர்த்துச் சொல்வது, இவையெல்லாம் அங்கே ஆண்டு இலக்காகவே பேசப்படுகின்றன. எண்ணிக் காட்ட முடியாத இலக்கு அது. ஆனாலும் திட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

எங்கள் சார்ட் பேப்பரில் அதற்கு இணையான கட்டம் ஒன்று இருந்திருக்க வேண்டும்: சாதி. 2023இல் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. அப்படிப்பட்ட பள்ளிகளில் படித்த பிள்ளைகள்தான் அடுத்த ஜூனில் எங்கள் கல்லூரிக்கு வருகிறார்கள். எங்கள் சபைகளும் இந்த நோயிலிருந்து தப்பியவை அல்ல. அப்படியிருந்தும், நான் இருந்த எந்தத் திட்டக் கூட்டத்திலும் இதைப் பற்றி ஒரு வரி எழுதப்பட்டதில்லை. எண்ணி நிரப்ப முடிந்ததற்கே கட்டம் போட்டுப் பழகிவிட்டோம். ஒரே சாதிப் பிள்ளைகள் மட்டும் கூடும் ஜெபக்குழுவும் அந்தக் கட்டத்தில் ஒரு குழுவாகத்தான் எண்ணப்படுகிறது. இது எனக்கு ஆழ்ந்த வேதனை தருகிறது.

வருகிற ஜூனில் மாடியில் கூடப்போகும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். ரிட்ரீட்டுக்கு எத்தனை பேர் என்று எழுதுங்கள், அது இருக்கட்டும். அதற்கு மேலே, முதல் கட்டத்தில், இந்த ஆண்டு யார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப்போகிறோம், யாரை நம் வீட்டுக்கு அழைக்கப்போகிறோம் என்று பெயர் போட்டு எழுதுங்கள். இதுவரை நம் தெருவுக்குள் வராத பெயர்களாக அவை இருக்கட்டும்.