டாஃப்ட் பங்க்: முதல் தொகுப்பும் இரண்டாம் தொகுப்பும்

மாணவர்களே, ஒப்பீட்டில் 'முதலாவது நன்று, இரண்டாவது அதைவிட நன்று' என்று மட்டும் எழுதிடாதீங்க. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வேணும். பாரிஸ் இரட்டையரான டாஃப்ட் பங்கை எடுத்துக்கொள்வோம். அளவுகோல்: ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும் விதம்.

1997இல் வந்த 'ஹோம்வொர்க்' வீட்டுப் படுக்கையறையில் பதிவானது. அதில் 'அரவுண்ட் தி வேர்ல்ட்' பாட்டுக்கு வரியே மூன்று சொல்தான். ஆனாலும் சலிக்காது; பேஸும் தாளமும் அடியில் மாறிக்கிட்டே இருக்கும், கவனிச்சுக் கேளுங்க.

2001இன் 'டிஸ்கவரி'யில் டிஸ்கோ இனிமை கூடியது. 'ஒன் மோர் டைம்' பாட்டில் ரோமந்தோனியின் குரலை ஆட்டோடியூனில் இயந்திரமாக்கியும் மனுஷ மகிழ்ச்சி குறையல. ஆனால் திரும்பச் சொல்வதில் முதல் தொகுப்பின் சிக்கனம் இதில் இல்லை. கடைசிப் பாட்டின் பெயரே 'டூ லாங்'. பத்து நிமிடம், எனக்கும் நீளம்தான்.