பணச் சொல்லும் பொருள் வாழ்வும்: ஆனந்தரங்கர் நாட்குறிப்பை முன்வைத்து

பணத்தைப் பற்றிய தமிழ்ச் சொற்கள் பல இருமுகம் உடையன. ‘கடன்’ என்பது புறநானூற்று 312ஆம் பாட்டில் கடமையைக் குறிக்கின்றது. இன்று திருப்பித்தர வேண்டிய தொகையைப் பெரிதும் குறிக்கின்றது. ‘நாணயம்’ என்பது காசும் ஆம், நேர்மையும் ஆம். இவற்றைச் சொற்பொருள் மாற்றம் என்ற அளவிற் கூறி அமைவது போதாது. ஒரு தொகைக்கு இடப்படும் பெயரே அதனை மீளக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதனை வரையறுக்கின்றது என்பது நம் கருத்து. இதற்குப் புதுச்சேரி நல்கும் சான்று ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு.

1736 முதல் 1761 வரை எழுதப்பெற்ற அந்நூலை வரலாற்றுக் கருவூலமாகப் போற்றுவோர் பலர். அதன் பணமொழியையும் நாம் நோக்குதல் வேண்டும். ஆசிரியர் வணிகர், 1747 முதல் பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் துபாசி. வராகன் இத்துணை, ரூபாய் இத்துணை என எண்ணிக்கையைக் குறிப்பதில் அவர்தம் கைக்குச் சோர்வில்லை. ஆயினும், மேலோர்க்குக் கொடுத்த தொகைக்கு அந்நூல் வழங்கும் பெயர் ‘நசர்’ என்பது. தாழ்ந்த நிலையில் இருப்பவர் உயர்ந்தோர்க்கு மரியாதையுடன் வைக்கும் காணிக்கை அது. கடனாகக் கொடுத்தது மீளும், மீளாதாயின் வழக்காடலாம். நசராக வைத்ததற்கோ உரிமை இல்லை, எதிர்பார்ப்பு மட்டுமே உண்டு. தொகை துல்லியமாகப் பதிவாகியும், அதன் பயன் பிறர் தயவில் நின்றது.

அவர் பணிபுரிந்த ஆளுநர் துய்ப்ளேயின் நிலையும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. கருநாடகப் போர்களில் தம் சொந்தப் பொருளையும் செலவிட்ட அவர், 1754இல் பதவி இழந்து நாடு திரும்பியபின் அதனைக் கும்பெனி தமக்குத் தரவேண்டிய கடன் என்றார். கும்பெனி அதனை ஏற்கவில்லை. 1763இல் அவர் வறுமையில் இறந்தார். தொகை ஒன்றே; அதற்குரிய பெயரில் இருதிறத்தாரும் உடன்படவில்லை.

பெயரிடும் ஆற்றல் அதிகாரத்தின் விளைவன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மையே. நசரைக் கடன் என்று மாற்றிச் சொல்லும் வலிமை துபாசிக்கு இல்லை. ஆயின், அதிகாரம் இட்ட பெயரும் நிலைத்தபின் தானே செயற்படுகின்றது. மேலும், நாம் கூறுவது இலக்கணத்தைப் பற்றியதன்று. எதிர்காலத்தைத் தனி வடிவால் உணர்த்தும் மொழியினர் குறைவாகச் சேமிப்பர் எனக் கீத் சென் 2013இல் எழுதினார். 2015இல் அவரும் பிறரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், மொழிகளின் உறவைக் கணக்கிற் கொண்டபோது அத்தொடர்பு பெரிதும் நலிந்தது. காலங்காட்டும் உருபைவிட, கொடுப்பவரும் பெறுபவரும் வழங்கும் சொல்லே ஈண்டு ஆராயத்தக்கது.

நம் இல்லங்களிலும் இதனைக் காண்கின்றோம். ‘கைமாற்று’ என்றால் வட்டியும் இல்லை, சீட்டும் இல்லை. ஆதலின் கேட்க நாணி இழப்பவர் பலர். ‘மொய்’ அன்பளிப்பு எனப் பெயர் பெறினும், நோட்டில் எழுதப்பட்டுத் திரும்பச் செய்யவேண்டிய முறையாகின்றது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் வரதட்சிணையைத் தடுத்தபின்னும், ‘சீர்’ என்னும் இனிய சொல்லின் நிழலில் அது வாழ்கின்றது. பெண்ணைப் பெற்றோர் அதற்காக வாங்குவது மட்டும் கடன் என்ற பெயரை இழப்பதில்லை.

திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வரவையும் செலவையும் அளந்தறியச் சொன்னார். அளக்குமுன், அளக்கப்படுவதன் பெயரைத் தெளிதல் வேண்டும். ஆதலின், பணச் சொற்களை ஆராயும் மாணாக்கர் அவற்றின் வேரோடு நில்லாது, யார் யாரிடம் அச்சொல்லை வழங்கினர், அதனால் யாருடைய உரிமை குன்றியது என்பதனையும் குறித்தல் நலம்.