ஒரகடத்தில் ஒரு துபாஷி

உலகத்திலேயே சிறந்த வேலை எது என்று கேட்டால் ஒரு நொடிகூட யோசிக்கமாட்டேன். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஜப்பானிய இன்டர்பிரட்டர் வேலைதான். சிரிக்காதீர்கள். காதைப் பிளக்கும் பிரஸ் ஷாப், தலையில் ஹெல்மெட், காலில் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ. ஒரு பக்கம் ஷிஸுவோகாவிலிருந்து வந்து இறங்கிய டை இன்ஜினீயர், மறுபக்கம் உத்திரமேரூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஆபரேட்டர் தம்பி. இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இந்தச் சுகம் வேறு எந்த உத்தியோகத்தில் கிடைக்கும், சொல்லுங்கள்!

"ஃபாரின் லாங்குவேஜ் படிச்சு என்ன பண்ணப் போறே? டியூஷன்தானே எடுக்கணும்?" என்று எங்கள் வீட்டில் கேட்காத உறவினர் இல்லை. அவர்களுக்கு நான் காட்டும் ஆள் ஆனந்தரங்கப் பிள்ளை. 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸுக்குத் துபாஷாக, அதாவது இருமொழி பேசும் இடையாளாக, இருந்தவர். அவர் 1736-இலிருந்து எழுதிய நாட்குறிப்பை இன்றும் வரலாற்று ஆசிரியர்கள் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆக, இரண்டு மொழி தெரிந்தவன் நடுவில் நின்று பிழைப்பது நம் ஊருக்குப் புதிதே அல்ல. அவர் கவர்னருக்குத் துபாஷ், நான் வெல்டிங் லைனுக்குத் துபாஷ். சம்பளத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம்!

சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது 2010-இல். 2015-இல் பக்கத்து வல்லம் வடகாலில் யமஹா வந்தது. ஆனால் மொழி படித்தவர்களுக்குப் பெரிய பெயர்ப்பலகைகளைவிட முக்கியம் அவற்றின் பின்னால் இருக்கும் சப்ளையர்கள். சீட், ஒயரிங், பிரேக், பிரஸ் பாகம் என்று செய்துகொடுக்கும் நடுத்தரக் கம்பெனிகள். புது மாடல் வரும்போதெல்லாம் ஜப்பானிலிருந்து ஆள் வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். நம் ஆபரேட்டர்களுக்கும் அப்படியே. இரண்டு பக்கமும் ஆங்கிலத்தில் தத்தளிப்பதற்குப் பதில், நேராக ஜப்பானியத்திலிருந்து தமிழுக்குச் சொல்ல ஒரு ஆள் இருந்தால்? அந்த ஆளுக்கு அங்கே நடக்கிற ராஜமரியாதையே தனி.

ஒரு டை ட்ரையலை, அதாவது பாகத்தை அடித்தெடுக்கும் அச்சை ஓட்டிப் பார்ப்பதை, சொல்கிறேன். பாகத்தின் ஓரத்தில் பிசிறு வருகிறது. இன்ஜினீயர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்கிறார். பதில் சொன்னால், அது ஏன் என்கிறார். அதற்குப் பதில் சொன்னால் மறுபடியும் ஏன். தம்பியின் முகம் சுருங்கிப்போகிறது. "அக்கா, இவரு என்னைத் திட்டுறாரா?" "திட்டலப்பா. யாரு தப்புன்னு அவரு கேக்கல, பிசிறு எங்கேர்ந்து கிளம்புதுன்னு தேடுறாரு." ஐந்து தடவை ஏன் கேட்டு வேரைப் பிடிப்பது அவர்கள் தொழிற்சாலைகளில் ஊறிப்போன முறை. டொயோட்டாவில் வளர்ந்து எங்கும் பரவியது. அது தெரிந்ததும் தம்பி நிமிர்ந்தான். "அப்படின்னா சொல்லுங்கக்கா, நைட் ஷிப்டுல இந்தக் கிளாம்ப் லூஸாவுது, நாங்களே முடுக்கி முடுக்கி ஓட்டுறோம்." இதை நான் ஜப்பானியத்தில் சொன்ன கணத்தில் அந்த மனிதர் தம்பியைப் பார்த்துத் தலைகுனிந்து நன்றி சொன்னார் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பிசிறு, கீறல், நசுங்கல் இதற்கெல்லாம் ஜப்பானியத்தில் பரி, கிஸு, ஹெகோமி. ஆரம்பப் பாடநூலில் தேடினால் கிடைக்காது. லைனில் நின்றுதான் பொறுக்கவேண்டும்.

இந்த வேலையில் தமிழனுக்கு ஒரு வரம் இருக்கிறது. அதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. இரண்டு மொழியிலும் வினை கடைசியில்தான் வரும். "டை மாத்தினப்புறம் முதல் பீஸை செக் பண்ணாம லைனை ஓட்டக்கூடாது" என்பதை அதே வரிசையில் அப்படியே ஜப்பானியத்தில் சொல்லலாம். ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் வாக்கியத்தையே தலைகீழாகக் கவிழ்க்கவேண்டும். 'செஞ்சு பாரு' என்று நாம் சொல்வதில் இருக்கும் அதே 'பார்'தான் அவர்களுடைய 'ஷிதே மிரு'வில் இருக்கிறது. 'செஞ்சு வை' என்றால் 'ஷிதே ஓகு'. ஆகவே பேசுபவர் பின்னாலேயே துண்டு துண்டாகப் போய்விடலாம், அவர் முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. சுசுமு ஓனோ என்ற அறிஞர் இரு மொழிகளுக்கும் பழைய உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அந்த வழக்கில் எனக்கு அக்கறை இல்லை, தீர்ப்பு எப்படி வந்தாலும் என் பிழைப்பு நடக்கிறது.

படிப்பது எப்படி? ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு என்-5-இல் தொடங்கி என்-1-இல் முடியும். ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையிலேயே எழுதலாம். ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் நடத்தும் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் இங்கே நீண்ட காலமாகச் சொல்லித்தருகிறது. 'மின்னா நோ நிஹோங்கோ' பாடநூலின் முதல் இரண்டு பாகங்களையும், அதாவது 50 பாடங்களையும், முடித்தால் என்-4 பக்கம் வந்துவிடலாம். என்-3 இருந்தால் கதவு திறக்கும், என்-2 இருந்தால் நாற்காலி போடுவார்கள். ஆனால் ஒன்று, அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. என்-2 சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்காதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தொழிற்சாலைச் சத்தம் ஆகாதா? வேறு வழிகளும் உண்டு. ஐ.டி.யில் பிரிட்ஜ் இன்ஜினீயர், அதாவது தோக்கியோ வாடிக்கையாளருக்கும் இங்கே கோட் எழுதுபவர்களுக்கும் நடுவில் நிற்பவர். கொஞ்சம் நிரலும் தெரிந்தால் நல்ல காசு. காப்புரிமை ஆவண மொழிபெயர்ப்பு மகா சலிப்பு, ஆனால் வீட்டிலிருந்தே செய்யலாம். 1998-இல் 'முத்து' ஜப்பானில் ஓடு ஓடென்று ஓடியதே, அங்கே ரஜினி பேசியது புரிய யாரோ ஒருவர் உட்கார்ந்து சப்டைட்டில் எழுதினார் அல்லவா? நர்சிங் படித்தவர்களுக்கு 2019-இல் ஜப்பான் தொடங்கிய திறன் தொழிலாளர் விசாவில் முதியோர் பராமரிப்பு வேலை இருக்கிறது. அதற்கு என்-4 அளவு மொழியும் பராமரிப்புத் தேர்வுகளும் வேண்டும். வெளியுறவுப் பணியில் சேருபவர்களுக்கு ஒரு அயல்மொழி கட்டாயம். ஜப்பானியம்தான் என்றும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் பக்கம் கொரிய மொழிக்குக் கிராக்கி, நர்ஸ்களுக்கு ஜெர்மன்.

"இனிமே எல்லாத்தையும் போனே பேசிடுமே?" என்று கேட்பார்கள். பேசட்டும். மின்னஞ்சலை நானும் மெஷினில் போட்டுத்தான் முதல் வடிவம் எடுக்கிறேன். ஆனால் பிரஸ் அடிக்கிற அடியில், பாதி வாக்கியத்தை விழுங்கிப் பேசுகிற ஆபரேட்டரையும், இழுத்துப் பேசும் ஒசாகாக்காரரையும் ஒரே நேரத்தில் அந்தப் போனிடம் கொடுத்துப் பாருங்களேன். 'கொஞ்சம் கஷ்டம்தான்' என்று அவர் மெல்லச் சொன்னால் அது 'முடியாது'தான் என்று மேனேஜர் காதில் போடுவதற்கும் ஒரு ஆள் வேண்டாமா?

கான்ஃபரன்ஸ் பூத்துக்குப் போயேன் என்று தோழி நச்சரிக்கிறாள். ஏ.சி. உண்டு, அரை மணிக்கொரு முறை ஆள் மாற்றிக்கொள்ளலாம், காசும் அதிகம். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு பிசிறைத் தடவிப் பார்க்க முடியுமா? போகமாட்டேன். அடுத்த மாதம் புது மாடலுக்கு டை வந்து இறங்குகிறது. கூடவே ஹமாமட்ஸுக்காரர்கள் இருவர் வருகிறார்களாம், அவர்களில் ஒருவர் பேச ஆரம்பித்தால் ரயில் வேகமாம். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.