ஃபினாலே நின்றுபோனதும் ‘அப்கிரேட்’ என்ற சொல்லும்

2024 ஆகஸ்ட் 26 அன்று மேக்மியூசிக் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஃபினாலே என்ற இசைக்குறிப்பு மென்பொருளை இனி வளர்க்கப் போவதில்லை, விற்கப் போவதும் இல்லை என்பது அதன் சாரம். 1988இல் வெளிவந்த மென்பொருள் அது. பிராட்வே அரங்குகள், ஹாலிவுட் ஒலிப்பதிவுக் கூடங்கள், பல்கலைக்கழக இசைத்துறைகள் என்று ஸ்டாஃப் நொட்டேஷன் புழங்கும் இடங்களில் எல்லாம் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக இருந்தது.

நிறுவனம் சொன்ன காரணம் எளிமையானது. கோடிங் பல லட்சம் வரிகளாகப் பெருத்துவிட்டது, இயங்குதளங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, சின்ன மாற்றம் செய்வதே பெரும்பாடாகிவிட்டது. நியாயம்தான். பழைய பயனர்கள் ஸ்டெயின்பெர்க்கின் டோரிகோவுக்கு 149 டாலரில் மாறிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் அறிவித்தார்கள். ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: ஒரு வருடத்துக்குப் பிறகு ஃபினாலேயைப் புதிய கணினியில் பதிவு செய்ய முடியாது. அதாவது கணினி பழுதானால் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளும் அதோடு போயிற்று. எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில் ஓரிரு நாளிலேயே இந்தக் கெடுவை விலக்கிக்கொண்டார்கள்.

இதைப் பற்றி இசைக்காரர்கள் எழுதியதை நிறைய படித்தேன். பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: எவ்வளவு செலவாகும், கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும், எது ‘பெட்டர்’. எல்லாம் நடைமுறைக் கேள்விகள். ஆனால் இவற்றுக்கு அடியில் இருக்கும் ஒரு விஷயத்தை யாரும் அதிகம் தொடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஸ்வரங்கள் பெரும்பாலும் பத்திரமாக வந்துவிடும். வராமல் போவது, அந்தப் பக்கத்தைத் தயாரித்தவர் எடுத்த முடிவுகள்.

என்ன முடிவுகள் என்கிறீர்களா? நான் ஒரு சிறிய பாடகர் குழுவுக்கும் அதோடு வாசிக்கும் நாலைந்து வயலின்காரர்களுக்கும் குறிப்புகள் தயார் செய்து கொடுப்பவன். வேலை சிறியதுதான், பிரச்சினைகள் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் இருப்பவைதான். நடத்துனர் முன்னால் இருப்பது முழு ஸ்கோர். எல்லா வாத்தியங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக அதில் இருக்கும். வாசிப்பவர் முன்னால் இருப்பதோ அவருடைய பார்ட் மட்டும். அவருக்கு இரண்டு கைகளும் வேலையில் இருக்கின்றன. பக்கம் எங்கே முடிகிறது என்பது அவருக்கு வாழ்வா சாவா பிரச்சினை. வயலின்காரர்கள் இரண்டு பேர் ஒரே ஸ்டாண்டைப் பார்த்து வாசிப்பார்கள், உள்பக்கம் உட்கார்ந்திருப்பவர் வாசிப்பை நிறுத்திப் பக்கத்தைப் புரட்டுவார். எல்லா ஸ்டாண்டுகளிலும் ஒரே இடத்தில் பக்கம் முடிந்தால் அந்த நிமிடம் வயலின் ஓசை பாதியாகிவிடும். அதனால் ஓய்வுக்குறி வரும் இடமாகப் பார்த்துப் பக்கத்தை முடிக்க வேண்டும்.

ட்ரம்பெட்காரர் அறுபது பார் சும்மா இருந்துவிட்டு உள்ளே வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கொண்டே இருந்தால் தப்பிவிடும். அதனால் அவர் வருவதற்கு முன்னால் ஓபோ என்ன வாசிக்கிறது என்பதைச் சிறிய எழுத்தில் அவருடைய பார்ட்டில் காட்டுவார்கள். இதற்கு க்யூ என்று பெயர். எந்த வாத்தியத்தைக் காட்டுவது? ட்ரம்பெட்காரர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எது காதில் விழும் என்று யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எலேன் கூல்ட் 2011இல் வெளியிட்ட ‘பிஹைண்ட் பார்ஸ்’ என்ற தடித்த நூல் முழுக்க இந்த மாதிரி முடிவுகளைப் பற்றித்தான். அதில் எந்த மென்பொருளுக்கும் பாடம் நடத்தவில்லை. அதனால்தான் அது பழசாகவில்லை.

இப்போது மென்பொருளுக்கு வருவோம். ஒவ்வொரு இசைக்குறிப்பு மென்பொருளுக்குள்ளும் ‘இசை என்றால் என்ன’ என்பதற்கு ஒரு பதில் புதைந்திருக்கிறது. ஃபினாலேயைப் பொறுத்தவரை பார் என்பது ஒரு பெட்டி. பெட்டிகள் முதலில், ஸ்வரங்கள் அதற்குள்ளே. மேலே எந்தக் குறியையும் எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைக்கலாம். ஓர் அங்குலத்தை 288 பங்காகப் பிரித்து அந்த அளவுக்கு நுணுக்கமாக நகர்த்தலாம். கை தேர்ந்த ஒருவருக்கு இது பேனாவும் அளவுகோலும் மாதிரி. முடிவு அவருடையது, பொறுப்பும் அவருடையது.

டோரிகோவின் பதில் வேறு. அங்கே இசை என்பது காலத்தில் ஓடும் ஓட்டம். பார் கோடு என்பது தாளக்குறியை வைத்துக் கணக்கிட்டுப் போடப்படும் கோடு, அவ்வளவுதான். 4/4ஐ 3/4 என்று மாற்றினால் கோடுகள் இடம் மாறும், கோட்டைத் தாண்டும் ஸ்வரம் தானாகவே உடைந்து டை போட்டு இணைந்துகொள்ளும். இதை எழுதியவர்கள் யார் என்பதும் சுவாரஸ்யமானது. ஃபின் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1993இல் வெளியிட்ட சிபேலியஸ் என்ற மென்பொருளை 2006இல் அவிட் நிறுவனம் வாங்கியது. 2012இல் லண்டனில் இருந்த அந்தக் குழுவைக் கலைத்தது. கலைக்கப்பட்டவர்களில் பலரை ஸ்டெயின்பெர்க் சேர்த்துக்கொண்டது. அவர்கள் முதலிலிருந்து தொடங்கி 2016இல் கொண்டுவந்ததுதான் டோரிகோ.

ஆக, ஃபினாலேயிலிருந்து டோரிகோவுக்குப் போவது பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிய வண்டி வாங்குவது போன்றதல்ல. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பெயர்ப்பது போன்றது. இதற்கு ‘கிராஸ்கிரேட்’ என்று விற்பனைப் பெயர் வைத்ததில் எனக்குள்ள வருத்தம் இதுதான். அந்தச் சொல்லில் உழைப்பு மறைந்துபோகிறது. 149 டாலர் மென்பொருளின் விலை. முந்நூறு பக்க ஸ்கோரை மறுபடி சரிபார்க்கிற மனிதரின் விலை அதில் இல்லை.

மியூசிக்எக்ஸ்எம்எல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது பெரிய கொடைதான். மைக்கேல் குட் உருவாக்கிய இந்தப் பொதுவடிவத்தின் முதல் பதிப்பு 2004இல் வந்தது. இப்போது டபிள்யூ3சியின் சமூகக் குழு ஒன்று அதைப் பராமரிக்கிறது. சுருதி, கால அளவு, பாடல் வரி, ஸ்லர் எல்லாவற்றையும் அது சுமந்து வரும். குறிகள் இருந்த இடத்தைக் கூட ஓரளவு சுமக்கும். ஆனால் வாங்கிக்கொள்ளும் மென்பொருள் அந்த இடத்தை மதிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, தன் விதிப்படி மறுபடி அடுக்கிவிடும். நாலு பக்கம் உள்ள ஒரு பார்ட்டை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்த்தேன். ஸ்வரம் ஒன்றுகூடத் தவறவில்லை. பக்கம் புரட்டும் இடங்கள் மூன்றில் இரண்டு ஓடும் வரிக்கு நடுவே வந்து நின்றன. தவிர, ஃபினாலே கோப்புகளை மியூசிக்எக்ஸ்எம்எல் ஆக மாற்றும் நேர்வழி ஃபினாலேதான். பூட்டின் சாவி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஒரு வருடக் கெடு அத்தனை பேரைப் பதற வைத்ததற்கு இதுதான் காரணம்.

இந்த நிலைமை கணினியோடு வந்ததல்ல. பாக்கின் செல்லோ சூட்டுகள் ஆறும் இன்று உலகம் முழுக்க வாசிக்கப்படுகின்றன. ஆனால் பாக் தன் கையால் எழுதிய பிரதி கிடைக்கவில்லை. நமக்கு வந்து சேர்ந்தவை அவர் மனைவி அன்னா மக்டலேனா, கெல்னர் போன்றவர்கள் எடுத்த கைப்பிரதிகள். ஸ்வரங்களைப் பொறுத்தவரை அவை பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. எத்தனை ஸ்வரங்களை ஒரே வில்லில் இழுக்க வேண்டும் என்று காட்டும் ஸ்லர்களில்தான் வேறுபாடு. அன்னா மக்டலேனாவின் பிரதியில் ஒரு ஸ்லர் எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறது என்பதே பல இடங்களில் தெளிவாக இல்லை. செல்லோகாரர்கள் இதை வைத்து இன்றும் வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். பிரதி எடுத்ததால்தான் இசை பிழைத்தது. பிரதி எடுத்ததில்தான் ஸ்லர் மங்கியது. கோப்பு மாற்றத்திலும் நடப்பது இதேதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த வலியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பேஜ்மேக்கரில் பாமினி மாதிரியான எழுத்துருவில் அடித்து வைத்த புத்தகத்தை இன்று திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆங்கில எழுத்துக் குவியலாக வரும், கன்வெர்ட்டரில் போட்டால் ஒற்றும் காலும் எங்கெங்கோ போய் ஒட்டும். அந்த மாதிரி எழுத்துருவில் பாடல் வரி அடித்த ஸ்கோர்களுக்கு இரட்டைத் துன்பம். பொதுவடிவத்துக்கு மாற்றினாலும் வரி தமிழாக வராது. இசை எழுத்துருக்களிலும் இதே கதைதான். ஒவ்வொரு எழுத்துருவும் தன் இஷ்டத்துக்குக் குறிகளை ஒவ்வொரு இடத்தில் வைத்திருந்தது. 2013இல் ஸ்டெயின்பெர்க் முன்வைத்த ஸ்மஃபுல் என்ற தரம்தான் இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. நமக்கு யூனிகோட் செய்த வேலை என்று சொல்லலாம். ஃபினாலே அதை ஏற்றது 2021இல், தன் கடைசிப் பெரிய பதிப்பில்.

‘எல்லோரும் மியூஸ்ஸ்கோருக்குப் போய்விட்டால் பிரச்சினை தீர்ந்தது, அது இலவசம், திறந்த மூலம்’ என்ற வாதத்தையும் கவனித்தேன். பாதி ஒத்துக்கொள்கிறேன். யாரும் அதைப் பூட்டி வைத்துவிட்டுப் போக முடியாது. ஆனால் 2022 டிசம்பரில் வந்த மியூஸ்ஸ்கோர் 4இல் அடுக்கும் முறை மாறியது. மூன்றாம் பதிப்பில் செய்த கோப்பைத் திறந்தால் புதிய பாணிக்கு மாற்றட்டுமா என்று கேட்கும். முந்தைய பதிப்பிலிருந்த பியானோ ரோல் எடிட்டர் காணாமல் போனது. திறந்த மூலம் கோப்பைத் திறக்க விடும். பக்கம் அப்படியே இருக்கும் என்று வாக்குக் கொடுப்பதில்லை. லில்லிபாண்டில் ஸ்கோர் என்பது வெறும் உரைக்கோப்பு என்பதால் இன்னும் பாதுகாப்பு. அங்கேயும் பழைய கோப்புகளைப் புதிய இலக்கணத்துக்கு மாற்ற ஒரு தனிக் கருவி தேவைப்படுகிறது.

மியூஸ்ஸ்கோரின் எழுத்துருவுக்கு லேலண்ட் என்று பெயர். ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த லேலண்ட் ஸ்மித்தின் நினைவாக வைத்தது. அவர் எழுதிய ஸ்கோர் என்ற மென்பொருளைப் பெரிய பதிப்பகங்கள் பயன்படுத்தின. பக்கத்தின் அழகில் அதற்கு இணை இல்லை என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. 2013இல் அவர் காலமானார், மென்பொருளின் வளர்ச்சியும் அவரோடு நின்றது. அதில் தயாரித்துக் காகிதத்தில் அச்சிட்ட பதிப்புகளோ ஸ்டாண்டுகளில் இன்னமும் இருக்கின்றன.

இதை வைத்துத்தான் என் முடிவைச் சொல்கிறேன். கோப்பு என்பது பணிமேசை. வாசிப்பவர் முன்னால் வைக்கப்படும் பக்கம்தான் வேலை. அதனால் ஒரு படைப்பு முடிந்த அன்றே, ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளாமல், முழு ஸ்கோருக்கும் ஒவ்வொரு பார்ட்டுக்கும் பிடிஎஃப் எடுத்து வையுங்கள். மியூசிக்எக்ஸ்எம்எல் ஒன்று எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். காகிதத்தில் ஒரு பிரதி இருக்கட்டும், முடிந்தால் ஒத்திகையில் பென்சிலால் குறித்த பிரதியே இருக்கட்டும். அதில்தான் எந்த க்யூ உதவியது, எந்த இடத்தில் பக்கம் புரளவில்லை என்ற விவரமெல்லாம் இருக்கும். கச்சேரிக்கு நாள் நெருங்கும்போது எந்த மென்பொருளையும் அப்டேட் செய்யாதீர்கள்.

விற்கிறவர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு புதிய பதிப்பின் விளம்பரத்திலும் கணினி எவ்வளவு அழகாக வாசித்துக் காட்டுகிறது என்பதே முன்னால் நிற்கிறது. நல்லதுதான். ஆனால் போன பதிப்பில் நான் முடித்துக் கொடுத்த பார்ட் இந்தப் பதிப்பில் அதே இடத்தில் பக்கம் முடியுமா? நீங்கள் கடையை மூடினால் என் கோப்பை நான் திறக்க வழி உண்டா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு அப்கிரேட் என்ற சொல்லைப் பயன்படுத்தினால் நான் காசு கொடுக்கத் தயார்.