கழற்றுவதற்கு முன்னால்

பழைய கார் மெக்கானிக்கைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அவருடைய காதைத்தான் புகழ்வார்கள். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவாராம். காது பழக்கத்தில் வருவது. பட்டறையில் நெடுங்காலம் நின்றால் யாருக்கும் கொஞ்சமாவது வரும். என் ரசனையெல்லாம் வேறொன்றில் இருக்கிறது: எதை முதலில் சோதிப்பது, எதைப் பிறகு சோதிப்பது என்று அவர் தீர்மானிக்கும் வரிசை. ஸ்பேனரைத் தொடாத அந்தச் சில நிமிடங்களில்தான் இந்தத் தொழில் கலையாகிறது.

சித்திரை மதியம் அறந்தாங்கிக்குப் புறப்பட்ட ஒரு பிரீமியர் பத்மினி, வல்லத்திராக்கோட்டைப் பக்கம் இருமி இருமி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குர்லாவில் தயாரான 1089 சிசி வண்டி. புதுக்கோட்டை வட்டாரத்துச் செம்புறாங்கல் பூமியின் வெக்கையில் அது நிற்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டியே இருப்பதால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்பு இழுப்பதற்குத் திரவம் இல்லாமல் போகலாம். பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டன்சர் சூடேறியதும் செயலிழந்து, பொறி பலவீனமாகலாம். டேங்க் மூடியின் காற்றுத் துளை தூசியில் அடைத்து, உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராமல் போகலாம். இம்மூன்றிலும் விசித்திரம் என்னவென்றால், அரை மணி நேரம் நிழலில் விட்டால் மூன்றுமே பெரும்பாலும் தாமாகச் சரியாகிவிடும். ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுவிட்டு, ஒரு டீ குடித்து வந்து, வண்டி கிளம்பியதும் ‘துணிதான் காப்பாற்றியது’ என்பவருக்கு உண்மையில் எதுவும் தெரியவில்லை. துணி காப்பாற்றியதா, டீ குடித்த நேரம் காப்பாற்றியதா?

சாட்சியம் சூட்டோடுதான் இருக்கிறது. அது ஆறுவதற்குள் விசாரணை முடிய வேண்டும். அதனால் தேர்ந்தவர் முதலில் காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து உருவி, காப்பிட்ட குறடால் அதன் நுனியை எஞ்சின் இரும்புக்குச் சற்றே தள்ளிப் பிடித்து, ஒருவரைச் சாவி போடச் சொல்வார். நீலமாக, ‘பட்’டென்று பாய்ந்தால் கண்டன்சர் மேல் குற்றமில்லை. மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் பெட்ரோலைப் பற்றிய பேச்சே தேவையில்லை. அடுத்தது டேங்க் மூடி. திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் வழக்கு அங்கேயே முடிந்தது. அதன் பிறகே கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, பெட்ரோல் பீறிடுகிறதா என்று பார்ப்பது. பொறியைச் சோதிப்பது முதலிலும் பெட்ரோலைத் திறப்பது கடைசியிலும் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: வரிசை மாறினால் வண்டி தீப்பிடிக்கலாம். பெட்ரோல் வராமலிருந்து, பம்பில் ஈரத்துணி போட்ட ஓரிரு நிமிடத்தில் வரத் தொடங்கினால், துணி மருந்தாக மட்டுமன்றிச் சோதனையாகவும் ஆகிறது. கிராமத்துக் கைவைத்தியம் என்று சிலர் சிரிக்கும் அதே துணிதான். இடம் மாறியதும் அதற்கு அர்த்தம் வந்துவிடுகிறது.

இவ்வளவு எதற்கு, கண்டன்சர், பாயிண்ட், பிளக் மூன்றையும் மாற்றிவிட்டால் போகிறது, விலை என்ன பெரிய விலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தயாரிப்பு நின்றுபோன வண்டிக்குக் கிடைக்கும் புதுச் சாமான் எல்லாம் நல்ல சாமான் அல்ல. மூன்றையும் சேர்த்து மாற்றியவர் ஓடிக்கொண்டிருந்த இரண்டு நல்ல பாகங்களை எறிந்துவிட்டு, சந்தேகத்துக்குரிய மூன்றை உள்ளே ஏற்றியிருக்கிறார். மறுபடி நின்றால் எங்கே தொடங்குவார்?

ஸ்கேனர் வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்பது இன்னொரு வாதம். புதிய வண்டிகளில் பம்பு டேங்குக்குள்ளேயே இருந்து அழுத்தத்தோடு தள்ளுவதால் ஆவித் தொல்லை அரிது, அதை மறுக்கவில்லை. பழைய வண்டி புகை கக்கும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஸ்கேனர் சொல்வது கோளாறு எங்கே உணரப்பட்டது என்பதை. ‘கலவையில் பெட்ரோல் குறைவு’ என்று அது காட்டினால், காரணம் எங்கோ காற்றுக் கசிவாக இருக்கலாம், பம்பு தளர்ந்திருக்கலாம், உணரியே பொய் சொல்லலாம். குறியீட்டைப் படித்தவுடன் உணரியை மாற்றுகிறவரும் பார்த்தவுடன் கண்டன்சரை மாற்றுகிறவரும் ஒரே ஆள்தான். கருவி மட்டும் வேறு.

காதையும் முழுக்க ஒதுக்கிவிடவில்லை. அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று வந்தால், ராடு பேரிங் என்று காது ஊகிக்கும். எந்த சிலிண்டர் என்று அறிய, நான்கு பிளக்கையும் ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்வார்கள். எதை நிறுத்தும்போது சத்தம் மெலிகிறதோ அங்கேதான் தேய்மானம். எரிப்பின் அடி விழாத பேரிங் அவ்வளவாகத் தட்டாது. எண்ணெய்ச் சட்டியை இறக்குவதற்கு முன்பே எந்த சிலிண்டர் என்று சொல்லிவிடும் இந்தச் சோதனைக்கு ஒரு திருகுளியும் பொறுமையும் போதும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் இது இன்னும் சுகம்: பானட்டோடு முன் பக்கப் பலகைகளும் சேர்ந்து முன்னோக்கி எழும்பிவிடும், எஞ்சின் மூன்று பக்கமும் திறந்து நிற்கும், முன் டயரிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 948 சிசிதான், சக்தி குறைவுதான். ஆனால் பழுது பார்க்கிறவனை நினைத்து வடிவமைத்த கார்கள் அதற்குப் பிறகு அதிகம் வரவில்லை.