பரம் இறக்கிய பின்: சரணாகதி நெறியும் காலக்ஷேப மரபும்

மலருக்குச் சரணாகதி பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று சபையின் பெரியவர்கள் பணித்தார்கள். அடியேனைவிடக் கற்றவர்கள் இந்தக் கோஷ்டியிலேயே பலர் உண்டு. ஆனாலும் நியமனத்தைத் தட்டுவது ப்ரபன்னனுக்கு அழகில்லை. இதை வாசிக்கப் போகிறவர்கள் ரஹஸ்யத்ரயமும் குருபரம்பரையும் அறிந்தவர்கள். ஆகவே ஆறு அங்கங்களையும் வரிசைப்படுத்தி நேரத்தைக் கழிக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம்மாழ்வார் சரணம் புகுந்தது ஓரிடத்தில் அன்று. ஐந்தாம் பத்தில் வானமாமலையில் புகுந்தார். அடுத்த திருவாய்மொழியிலேயே குடந்தைக் கிடந்தானிடம் புகுந்தார். ஆறாம் பத்தின் முடிவில் பிராட்டியை முன்னிட்டுத் திருவேங்கடத்தான் திருவடியில் விழுந்தார். அதற்குப் பிறகும் பேறு கிட்டப் பத்தாம் பத்தின் கடைசித் திருவாய்மொழிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடந்தையில் பதில் வரவில்லை என்று ஆழ்வார் வேறு வாசலைத் தேடிப் போகவில்லை. அந்த ஒருவனையே இன்னொரு திவ்யதேசத்தில் போய்ப் பிடித்தார். மஹாவிச்வாசம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. உடையவர் பங்குனி உத்தரத்தன்று சேர்த்தியில் விண்ணப்பித்த கத்யமும் ஆழ்வார் காட்டிய வழியில் வந்ததுதான். இன்றும் அந்நாளில் கோயிலில் கத்யத்ரயம் ஸேவிக்கப்படுகிறது.

உடையவருக்குப் பின் இரு கலைகளாக இந்நெறி வளர்ந்த வரலாறு எல்லோரும் அறிந்தது. ஸ்வாமி தேசிகன் முப்பத்திரண்டு அதிகாரங்களாக ரஹஸ்யத்ரயஸாரம் அருளி, பரஸமர்ப்பணத்தை அங்கியாகவும் மற்ற ஐந்தையும் அங்கங்களாகவும் நிலைநிறுத்தினார். பிள்ளை லோகாசாரியரோ, நாம் பற்றுகிற பற்றும் உபாயமாகாது, அவனே உபாயம் என்று ஸ்ரீவசனபூஷணத்தில் அறுதியிட்டார். குரங்குக் குட்டி, பூனைக் குட்டி என்று மேடையில் சொல்லிச் சிரிக்க வைப்பது எளிது. இரு ஆசாரியர்களின் ஆழமும் அந்தச் சிரிப்பில் அகப்படாது.

இருவரையும் சோதித்தது ஒரே ஆபத்து. 1323இல் கோயில் படையெடுப்புக்கு ஆளானபோது, முதிர்ந்த பிராயத்தில் பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே நடந்தார். மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். ஸ்வாமி தேசிகன் ச்ருதப்ரகாசிகையையும் சுதர்சன சூரியின் குமாரர்களையும் காத்துக் கரை சேர்த்தார். கோயிலின் பயம் தீர வேண்டி அபீதிஸ்தவமும் அருளினார். நம்பெருமாள் மீண்டும் கோயிலுக்கு எழுந்தருளியது 1371இல். அவனே உபாயம் என்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பரத்தை ஸமர்ப்பித்தாயிற்று என்றவர் லோகத்தின் கஷ்டத்தை அவனிடம் சொல்லக் கூசவில்லை. இந்த இடத்தில் இரு கலைகளுக்கும் அனுஷ்டானம் ஒன்றே.

அடியேன் காலக்ஷேபம் கேட்டது தென்னாசார்ய ஸம்ப்ரதாயத்தில், திருவரங்கத்து உத்தர வீதியில், எங்கள் ஸ்வாமியின் திருமாளிகைத் திண்ணையில். தம் திருநாமம் அச்சேறுவதை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை, இங்கும் எழுதவில்லை. ஸ்ரீகோசத்தைத் திறக்காமல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மூலம், பிறகு மாமுனிகள் வ்யாக்யானம், பிறகு அதற்குத் தாம் ஆசாரியனிடம் கேட்ட அர்த்தம் என்ற வரிசை மாறவே மாறாது. புரிந்ததா என்று கேட்க மாட்டார். நேற்றைய சூர்ணிகையை எங்களில் ஒருவரைச் சொல்லச் சொல்வார். சொல்லத் தெரியாவிட்டால் அன்றைக்குப் புதுப் பாடம் கிடையாது.

ப்ரபத்திக்கு தேசம், காலம், ப்ரகாரம், அதிகாரி, பலன் என்று ஒரு நியமமும் இல்லை, விஷய நியமம் ஒன்றே உண்டு என்னும் பகுதியை அவர் ஸாதித்தது இன்னும் நினைவில் நிற்கிறது. பல நியமம் இல்லை என்பதற்கு லோகாசாரியர் எடுத்துக்காட்டும் வரிசையை ஒவ்வொன்றாக நிறுத்தி விளக்குவார். தர்மபுத்திரனுக்கு ராஜ்யம், திரௌபதிக்கு வஸ்த்ரம், காகத்துக்கு ப்ராணன், கஜேந்த்ராழ்வானுக்குக் கைங்கர்யம், விபீஷணாழ்வானுக்கு ராமப்ராப்தி. "புடவை கேட்டவளை அவன் தள்ளவில்லை. ஆனால் யானையின் இடத்துக்கு வர வேண்டாமா நாம்?" என்பார்.

அவருடைய மூத்த குமாரர் நோயில் கிடந்த காலத்தில் வேளை தவறாமல் மருத்துவமனைக்குப் போய்வந்தார். காலக்ஷேபமும் நிற்கவில்லை. கவலையாக இல்லையா என்று ஒருவர் கேட்டபோது, "வைத்தியம் பார்ப்பது நம் கைங்கர்யம். கவலையை அவனிடம் ஒப்படைத்தாயிற்று. கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் அவனை நம்பாதவன் ஆவேன்" என்றார். இலங்கையில் கயிற்றால் கட்டியதும் பிரம்மாஸ்திரம் தானே விலகியதை ஏட்டில் படித்திருந்தோம். அதன் அர்த்தம் அன்றைக்கு விளங்கியது.

இந்த நெறியின் உரைகல் கூரத்தாழ்வான். உடையவர் நியமனத்தால் பேரருளாளனிடம் இழந்த கண்களை வேண்டப் போனவர், அந்தக் கொடுமைக்குக் காரணமான நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு வேண்டும் என்று கேட்டு வந்தார். கஷ்டத்தை அவனிடம் இறக்கிவிட்டவனுக்கு மனத்தில் பகைக்குக்கூட இடம் இராது. நம் பூர்வாசாரியர்கள் வைத்த தரம் அது.

இன்றைய நிலையைச் சொல்லும்போது யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. நல்ல உபந்யாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் ஸ்ரீபாதத்தை வணங்குகிறேன். ஆயினும் சில இடங்களில் கேட்பது நெஞ்சைச் சுடுகிறது. சரணாகதி செய்தால் கடன் அடையும், வரன் அமையும், வேலை கிடைக்கும் என்று பலச்ருதி மட்டும் மிஞ்சி, ஆத்மநிக்ஷேபம் காணாமல் போய்விட்டது. திரௌபதியின் புடவையோடு கதை முடிகிறது. கஜேந்த்ராழ்வானின் கைங்கர்யம் காதில் விழுவதே இல்லை. பலன் வராதவர் வந்து கேட்டால், "உங்களுக்கு விச்வாசம் போதவில்லை" என்று அவர் தலையிலேயே பாரத்தை ஏற்றி அனுப்புகிறார்கள். பாரம் இறக்க வந்தவன் இரட்டைப் பாரத்தோடு வீடு திரும்புகிறான். இதைவிடப் பெரிய அபசாரம் உண்டா?

தனியனைப் பாதியில் விழுங்குகிறார்கள். ஈடு என்ன சொல்கிறது என்றால், கைப்பேசியில் வந்த துணுக்கு பதிலாகிறது. ஒலிபெருக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கவலை, ஸ்ரீகோசம் கொண்டு வந்தோமா என்பதில் இல்லை. யாரிடம் காலக்ஷேபம் கேட்டீர் என்பது முன்பெல்லாம் முதல் கேள்வி. இன்று அப்படிக் கேட்பதே மரியாதைக் குறைவாகிவிட்டது. திருமாளிகைத் திண்ணைகள் வெறிச்சோடிக் கிடக்க, மண்டபங்கள் மட்டும் நிரம்பி வழிகின்றன. எந்தப் படையெடுப்பிலும் அழியாமல் தோளிலும் நெஞ்சிலும் சுமந்து காத்த ஸம்ப்ரதாயத்தை, அவசரமும் கைதட்டலும் சேர்ந்து கரைத்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். அடுத்த தலைமுறைக்குச் சரணாகதி என்றால் பரிஹாரம் என்றே பதிந்துவிட்டால், ஆழ்வாரின் ஐந்தாம் பத்தை அவர்களுக்கு எப்படி விளக்குவோம்?

குறை சொல்லி நிறுத்துவது சபைக்கு முறையில்லை. ஒரு விண்ணப்பம் செய்கிறேன். ஆண்டு உத்ஸவ உபந்யாசங்கள் நடக்கட்டும். அவற்றோடு மாதம் ஒருமுறையேனும் முமுக்ஷுப்படி க்ரந்த காலக்ஷேபத்தைச் சபை தொடங்க வேண்டும். ரஹஸ்யத்ரயஸாரம் அறிந்த வடகலைப் பெரியவர்களையும் அழைத்து அவர்கள் அர்த்தங்களையும் கேட்க வேண்டும். வருகிறவர்கள் பத்துப் பேரானாலும் போதும். கையில் ஸ்ரீகோசம் இருக்க வேண்டும், முந்தைய பாடம் சொல்லத் தெரிய வேண்டும். கஷ்டத்தோடு வரும் பாகவதருக்கு, அவனை நம்பிப் பரத்தை இறக்கிவைப்பது எப்படி என்று அந்தக் கோஷ்டி சொல்லிக்கொடுக்கும். கஷ்டம் தீரும் நாளை அவன் பார்த்துக்கொள்வான்.